சிறு வெல்டிங் பட்டறைக்குக் கருவிகள் தெரிவு செய்தலும் அவற்றைக் கையாளுதலும்

இயந்திரத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் சுவரிலுள்ள பிளக் பொயிண்டைப் பார்ப்பது நம்மவரிடையே அடிக்கடி நிகழும் தவறாகும். இக்கட்டுரையாளர் அறிந்த ஒருவர், மேற்கு சிட்னியில் மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து 350 அம்பியர் மிக் இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கினார். நல்ல இயந்திரம், விலையும் நியாயமானது. ஆனால் அது மும்முனை மின்சாரத்தில் இயங்குவது. அவர் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்கு ஒருமுனை இணைப்பு மட்டுமே இருந்தது. மும்முனை இணைப்பைப் பெறுவதற்கான செலவு இயந்திரத்தின் விலையைவிட அதிகமாயிற்று. எட்டு மாதம் அந்த இயந்திரம் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது. குடும்பத்தின் சேமிப்பும் அதனுடன் கிடந்தது.

யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இத்தொழிலைக் கைப்பழக்கமாகக் கற்றவர்கள் பலர் இங்கு சொந்தப் பட்டறை தொடங்க விரும்புகின்றனர். அவர்களுடைய கைத்திறனில் குறையில்லை. ஆயினும் இந்நாட்டின் மின்னிணைப்பு, சட்டம், விற்பனை முறை ஆகியவை வேறு. கேற், கைப்பிடி, அலமாரி, தள்ளுவண்டி போன்ற சிறு வேலைகளைச் செய்ய எண்ணும் ஒருவர் எந்த ஒழுங்கில் முடிவுகளை எடுக்க வேண்டும் என்பதை இப்பாடம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை முன்வைத்து விளக்குகிறது. அவ்வொழுங்கு இதுதான்: முதலில் இடம், அடுத்து மின்சாரம், அதன் பின் வேலையின் தன்மை, இறுதியாக இயந்திரம்.

இடமும் மின்சாரமும்

வீட்டுக் கராஜில் தமது சொந்தத் தேவைக்காக எப்போதாவது வெல்டிங் செய்வது ஒன்று. பணம் பெற்றுக்கொண்டு நாள்தோறும் செய்வது வேறு. இரண்டாவது, தொழிலாகவே கருதப்படும். உங்கள் காணி எந்தத் திட்டமிடல் வலயத்தில் உள்ளது, அங்கு உலோக வேலைக்கு இடமுண்டா, முன்னனுமதி வேண்டுமா என்பவற்றை மாநகரசபையின் திட்டமிடல் பிரிவிடம் கேட்டறிந்த பின்னரே கொட்டகைக்கான வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள். முன்பு அங்கு வாகனம் திருத்தும் கடை இருந்தது என்பதால் வெல்டிங் பட்டறைக்கும் அனுமதி உண்டு என்று எண்ணிவிடலாகாது.

வீட்டில் செய்யும் வேலைக்கு நேர வரம்பும் உண்டு. மின்கருவிகளின் சத்தம் அயல்வீட்டாரின் அறைக்குள் கேட்குமாயின் வார நாட்களிலும் சனிக்கிழமையிலும் காலை 7 மணிக்கு முன்னரும், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாட்களில் காலை 8 மணிக்கு முன்னரும், எந்நாளிலும் இரவு 8 மணிக்குப் பின்னரும் அவற்றை இயக்குதல் கூடாது. சபைக்கு வரும் முறைப்பாடுகளுக்குக் கிரைண்டரின் சத்தமே பெரும்பாலும் காரணமாகும். வெல்டிங் சத்தமற்ற வேலை; அதற்கு முன்னும் பின்னும் வரும் அரைப்பு அவ்வாறானதன்று.

அடுத்து மின்சாரம். இங்குள்ள வீடுகளுக்குப் பொதுவாக 230 வோல்ற் ஒருமுனை மின்சாரம் வருகிறது. சுவரிலுள்ள சாதாரண பிளக் பொயிண்ட் 10 அம்பியருக்கு உரியது. 15 அம்பியர் பொயிண்ட் பார்வைக்கு அதே போன்று இருப்பினும் அதன் நிலத்தொடுப்புத் துளை அகலமானது. ஆகவே 15 அம்பியர் செருகி 10 அம்பியர் துளைக்குள் நுழையாது. அந்தத் தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகும். சிலர் செருகியின் நிலத்தொடுப்புக் கம்பியை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி உள்ளே செருகுகின்றனர். அதனால் சுவருக்குள் ஓடும் கம்பி தாங்கவேண்டியதற்கு மேல் சூடேறும். தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான். உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு தனிச் சுற்றில் ஒரு 15 அம்பியர் பொயிண்ட் பொருத்துவது பெரிய செலவன்று. அவ்வேலையை நீங்களே செய்வது, ஊரில் மின்வேலை பழகியவராயினும், இங்கு சட்டவிரோதமாகும்.

இயந்திரத்தின் தகட்டை வாசித்தல்

விற்பனைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 200 அம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு இயந்திரத்தைத் தெரிவு செய்யாதீர்கள். பின்புறமோ அடியிலோ ஒட்டப்பட்டுள்ள தரத்தகட்டைத் தேடுங்கள். அதில் மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, டியூட்டி சைக்கிள் எனப்படும் வேலை விகிதம். இது பத்து நிமிடத்தை அளவாகக் கொண்டது. 200 அம்பியரில் 25 வீதம் என்றால், பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடம் மட்டுமே அந்த இயந்திரம் 200 அம்பியர் தரும். மீதி ஏழரை நிமிடம் அது ஆறவேண்டும். மின்னோட்டத்தைக் குறைத்தால் நேரம் கூடும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை வேலை விகிதத்தால் பெருக்கி வரும் பெறுமானம் ஏறத்தாழ மாறாது என்று கொண்டு இதனைக் கணக்கிடலாம். 200 அம்பியரில் 25 வீதம் தரும் இயந்திரம் 130 அம்பியரில் ஏறக்குறைய 60 வீதமும், 100 அம்பியரில் 100 வீதமும் தரும். எனவே நாள் முழுவதும் ஓயாது உழைக்கும் அளவில் பார்த்தால் அது ஒரு 100 அம்பியர் இயந்திரம்.

ஊரில் பயன்படுத்திய பழைய டிரான்ஸ்போமர் இயந்திரங்களில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். இருவர் தூக்கவேண்டிய அந்த இரும்புப் பெட்டிகள் காலை முதல் மாலை வரை அசையாமல் உழைத்தன. சில எண்ணெயால் குளிரூட்டப்பட்டன. இன்றைய இன்வேட்டர் ஒரு கையால் தூக்கக்கூடியது, மின்சாரத்தையும் குறைவாகவே எடுக்கிறது. ஆனால் சூட்டைத் தேக்கிவைக்க அதில் இரும்பு இல்லை. சூடு மிகும்போது அது தானாக நின்றுவிடும். விசிறி ஓடிக்கொண்டிருக்கையில் இயந்திரத்தை அணைக்காமல் ஆறவிடுவதே முறை.

வேலை விகிதம் எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். சர்வதேச நியமத்தின்படி அது 40 பாகை செல்சியசில் கூறப்படவேண்டும். மலிவான சில இயந்திரங்கள் 20 அல்லது 25 பாகையில் அளந்த எண்ணைக் காட்டுகின்றன. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது. கோடையில் தகரக் கூரையின் கீழ் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது செய்தி, இயந்திரம் சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம். தகட்டில் உச்ச அளவும் செயற்படு அளவும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: மிக் முறையில் 200 அம்பியருக்கு ஏறத்தாழ 24 வோல்ற் தேவை. அதாவது 4.8 கிலோவோற். இயந்திரத்தின் இழப்பைச் சேர்த்தால் சுமார் 6 கிலோவோற். அதனை 230 ஆல் வகுத்தால் 26 அம்பியர் வருகிறது. 15 அம்பியர் பொயிண்டில் இது எவ்வாறு ஓடும் என்று கேட்கலாம். வேலை விகிதம் 25 வீதமாக இருப்பதால் கம்பியைச் சூடாக்கும் செயற்படு மின்னோட்டம் அதன் பாதி, அதாவது 13 அம்பியரே. ஆறும் நேரத்தை மதித்து நடக்கும் வரை கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் நீண்ட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே வைத்துக்கொண்டு இதே இயந்திரத்தை இயக்கினால் வோல்ற்றளவு இறங்கும், சுருள் உருகவும்கூடும். வயரை முழுவதும் விரித்து, 15 அம்பியருக்கு உரியதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, திறந்த சுற்று வோல்ற்றளவு. குச்சி வெல்டிங்கில் இது பொதுவாக 60 முதல் 80 வோல்ற் வரை இருக்கும். வியர்வையில் நனைந்த கையுறையுடன் ஈர இரும்பின் மேல் சாய்ந்திருப்பவருக்கு இது உயிராபத்தானது. மின்பலகையிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் காக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான பகுதியையே காக்கும். ஹோல்டரிலிருந்து உடலுக்குப் பாயும் மின்சாரத்தை அது அறியாது. ஆதலால் குச்சி இயந்திரம் வாங்குபவர் வோல்ற்றளவைக் குறைக்கும் பாதுகாப்பு அமைப்பு அதில் உண்டா என்று கடையில் கேட்கவேண்டும். உலர்ந்த கையுறை இரண்டு சோடியாவது வைத்திருக்கவேண்டும்.

குச்சியா, மிக்கா, டிக்கா?

குச்சி வெல்டிங் காற்றுக்கு அஞ்சாது. வெளியிடத் திருத்தவேலைக்கு அதுவே ஏற்றது. 2.5 மில்லிமீற்றர் குச்சிக்கு 60 முதல் 95 அம்பியரும், 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 அம்பியரும் போதும். ஆனால் 2 மில்லிமீற்றருக்கும் மெல்லிய பெட்டிக் குழாயில் அது ஓட்டை போடும். கசடைத் தட்டி நீக்கும் நேரமும் கூலியில் சேரும்.

சிறு பட்டறையில் செய்யப்படும் வேலையின் பெரும்பகுதி 1.6 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பே. 50க்கு 50 பெட்டிக் குழாயில் ஒரு கேற் செய்பவருக்கு 0.8 அல்லது 0.9 மில்லிமீற்றர் கம்பியுடன் 100 முதல் 130 அம்பியர் தரும் மிக் முறை பொருத்தமானது. மேலே கணக்கிட்ட 200 அம்பியர் இயந்திரம் இவ்வேலையைச் சிரமமின்றிச் செய்யும். இதனையே முதல் இயந்திரமாகப் பரிந்துரைக்கிறோம். குச்சியையும் மிக்கையும் ஒருங்கே தரும் வகையானால் நன்று.

வாயுவின் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆகனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயு நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் செல்கிறது எனக் கொண்டால், சுமார் 4 கனமீற்றர் கொண்ட ஈ அளவுச் சிலிண்டர் ஐந்தரை மணி நேரம் வில் எரியும் அளவுக்கு வரும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வில் எரிப்பவருக்கு அது ஒரு வாரம். சிலிண்டரை மாத வாடகைக்கு எடுக்கலாம். வைப்புப்பணம் கட்டி மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. மாதத்தில் ஒருமுறை மட்டும் வேலை செய்பவருக்கு வாடகை வீண். எவ்வாறாயினும் சிலிண்டர் நிமிர்ந்த நிலையில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கவேண்டும்.

வாயு வேண்டாத கம்பியும் கிடைக்கிறது. அதனைப் பூட்டிய பின் இயந்திரத்துக்குள் இருக்கும் முனைகளை மாற்ற மறப்பது புதியவர்களின் வழமையான பிழை. வாயுவுடன் வேலை செய்யும்போது டோர்ச் நேர் முனையில் இருக்கும். வாயுவில்லாக் கம்பிக்குப் பெரும்பாலும் அது எதிர் முனைக்கு மாறவேண்டும். தீப்பொறி மிகையாகத் தெறித்து, ஒட்டு புடைத்து நின்றால் முதலில் இதனையே சோதியுங்கள்.

டிக் முறை அழகானது, மெதுவானது. ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வேலை உறுதியாகக் கிடைத்த பின்னர் அதற்குச் செலவிடலாம். அலுமினியத்துக்கு ஆடலோட்ட மின்சாரம் தரும் டிக் இயந்திரம் தேவை. நேரோட்டம் மட்டும் தரும் மலிவான இயந்திரத்தில் வழமையான அலுமினிய வேலை சரிவராது.

வெட்டுதலும் பிடித்தலும்

கையிலுள்ள பணம் முழுவதையும் வெல்டிங் இயந்திரத்தில் இடுவது பிழை. அதில் பாதிக்கு மேல் அதற்குச் செல்லக்கூடாது என்பது எமது கருத்து. நேராக வெட்டப்படாத குழாயை எந்த இயந்திரமும் நேராக இணைக்காது.

வெட்டுவதற்கு உராய்வு வட்டுக் கொண்ட மேசை வெட்டி மலிவானது; ஆனால் பொறியும் தூசியும் சத்தமும் தருவது, வெட்டும் சற்று விலகும். பேண்ட் சோ மெதுவாயினும் அமைதியாக, சரியான கோணத்தில் வெட்டும். அயலார் அருகில் உள்ள இடத்தில் அது தன் விலையைத் தானே மீட்டுவிடும்.

பிடிப்பதற்கு, தடித்த இரும்புத் தகடு பொருத்திய சமமான மேசையும், குறைந்தது எட்டு கிளாம்ப்களும், நம்பகமான மூலைமட்டமும் வேண்டும். ஒட்டு ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். எனவே நான்கு மூலைகளையும் முதலில் புள்ளி ஒட்டுகளால் பிடித்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக இருந்தால் மட்டும் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி முழு ஒட்டை இடவேண்டும். மூலைவிட்டங்களில் 3 மில்லிமீற்றர் வேறுபாடு கண்டால் அந்தக் கட்டத்திலேயே புள்ளிகளை அரைத்து நீக்கித் திருத்துங்கள். முழு ஒட்டு இட்ட பின் திருத்துவது புதிதாகச் செய்வதற்குச் சமம்.

துளையிடுவதற்குத் தரையில் நிற்கும் டிரில் போதும். வேகத்தைப் பலரும் மிகையாக வைத்து அலகை எரித்துவிடுகின்றனர். சாதாரண இரும்பில் 10 மில்லிமீற்றர் அலகு நிமிடத்துக்கு 800 சுற்றுகள்; 20 மில்லிமீற்றருக்கு 400. விட்டம் இரு மடங்கானால் வேகம் பாதியாகும். டிரில்லில் கையுறை அணியாதீர்கள். சுழலும் அலகு கையுறையைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

125 மில்லிமீற்றர் கிரைண்டர் அன்றாட வேலைக்குப் போதுமானது. வட்டில் அச்சிடப்பட்ட வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் ஆகாது. வட்டுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் பெரிய வட்டைப் பொருத்தும் பழக்கம் சிலரிடம் உள்ளது. சிறிய கிரைண்டரின் வேகம் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளை எட்டக்கூடியது. 230 மில்லிமீற்றர் வட்டு பொதுவாக 6,600 சுற்றுகளுக்கே செய்யப்பட்டது. அது வெடித்துச் சிதறும்போது முகத்துக்கு நேராகவே சிதறும்.

புகையைக் குறித்து

வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வகைப்படுத்தியது. அவுஸ்திரேலியாவில் ஒரு கனமீற்றர் காற்றில் 5 மில்லிகிராம் என்றிருந்த வேலைத்தல வரம்பு, 2024 ஜனவரி 18 முதல் 1 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இது எட்டு மணி நேர வேலைக்கான சராசரி. பல ஆண்டுகள் புகையில் நின்றும் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கூறும் மூத்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுடன் வேலை செய்தவர்களில் இன்று இல்லாதவர்களையும் அவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும்.

உருட்டுக் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. கதவால் வரும் காற்று மிக் வாயுவைக் கலைத்து ஒட்டில் துளைகளை உண்டாக்கும். அதனால் வேலை செய்பவர் கதவை மூடிவிடுவார். எனவே புகை பிறக்கும் இடத்திலேயே அதனை இழுக்கும், வளைக்கக்கூடிய குழாய்க் கையுள்ள உறிஞ்சியை வாங்குங்கள். அதன் வாய் ஒட்டிலிருந்து குழாயின் விட்டத்தளவு தொலைவுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் விலகினால் அது சத்தம் மட்டுமே எழுப்பும். தலையைப் புகைத்தூணுக்கு வெளியே வைப்பது பணம் செலவில்லாத பழக்கம்.

பீ2 வகைச் சுவாசக் கவசம் முகத்தோலுடன் ஒட்டியிருந்தால்தான் பயன் தரும். தாடி வைத்திருப்பவருக்கு அது ஒட்டாது. அவர் மின்விசிறியால் வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தும் தலைக்கவச வகையைத் தெரிவு செய்யவேண்டும். அதன் விலை கூடியது என்பது உண்மை. நாள்தோறும் இவ்வேலையைச் செய்பவருக்கு இரண்டாவது வெல்டிங் இயந்திரத்துக்கு முன்னர் வாங்கவேண்டியது அதுவே.

நாகப்பூச்சு இட்ட குழாயை அப்படியே ஒட்டினால் வெண்புகை எழும். அன்று மாலை காய்ச்சலும் நடுக்கமும் வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்பது இதுதான். பால் குடித்தால் சரியாகும் என்பது நம்மூரிலும் பிற நாடுகளிலும் பரவியுள்ள நம்பிக்கை. பால் நுரையீரலுக்குச் செல்வதில்லை. ஒட்டும் இடத்தைச் சுற்றியுள்ள பூச்சை முன்னரே நீக்குவதே வழி. ஸ்டெயின்லெஸ் புகையில் நச்சான குரோமிய வகை உண்டு. அதற்கு உறிஞ்சியும் கவசமும் இரண்டுமே தேவை. குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவத்தால் துடைத்த இரும்பை ஒட்டவே கூடாது. வில்லின் வெப்பத்தாலும் ஒளியாலும் அதன் ஆவி பொஸ்ஜீன் என்ற கொடிய வாயுவாக மாறக்கூடும். எரிபொருள் இருந்த பீப்பாயை, கழுவியிருந்தாலும், வெட்டவோ ஒட்டவோ முற்படாதீர்கள்.

கண்ணும் தீயும்

தானாக இருளும் முகக்கவசம் வாங்கும்போது அவுஸ்திரேலிய–நியூசிலாந்து நியமம் 1338 குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 200 அம்பியர் வரையான வேலைக்கு 10 அல்லது 11 ஆம் நிழல் எண் பொருந்தும். வில்லின் ஒளியால் கண் எரிவது பல மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் நள்ளிரவில், தெரியவரும். வீட்டு மருந்தைக் கண்ணில் விடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்காகவும் திரையொன்று தொங்கவிடுங்கள்.

முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாட்களில் திறந்த வெளியில் வெல்டிங், அரைத்தல், வாயு வெட்டுதல் ஆகியவற்றைச் செய்தல் கூடாது. முற்றத்தில் கேற் பொருத்தச் செல்பவர் காலையில் அறிவித்தலைப் பார்த்துவிட்டே புறப்படவேண்டும். மற்ற நாட்களிலும் வேலை முடிந்து அரை மணி நேரம் அவ்விடத்தை விட்டு நீங்காதீர்கள். அரைத்த தூளையும் வர்ணக் கழுவலையும் மழைநீர் வடிகாலில் விடுவது குற்றம்.

எந்த வேலையை ஏற்பது

கட்டடத்தைத் தாங்கும் தூண், மாடிப் படிக்கட்டு, உயரத்திலுள்ள கைப்பிடிச் சுவர், டிரெய்லரின் இழுதண்டு ஆகியவற்றை அனுபவமும் உரிய தகுதியும் இன்றி ஏற்காதீர்கள். பார்வைக்கு அழகான ஒட்டு உள்ளே ஊடுருவாமல் இருக்கக்கூடும். மிக் முறையில் இது எளிதில் நிகழும். வீடுகளில் செய்யும் கட்டடப் பணியின் கூலியும் பொருளும் சேர்ந்து 5,000 டொலரைத் தாண்டினால் மாநில அரசின் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். கேற் இரண்டும் வேலியும் சேர்ந்தாலே அத்தொகையை எட்டிவிடலாம். விலை கூறுமுன் விசாரியுங்கள்.

ஊரில் பெற்ற அனுபவத்தை எழுத்தில் நிறுவ விரும்புவோர் டேஃப் நிறுவனத்தில் உலோகக் கட்டமைப்புத் தொழிலுக்கான மூன்றாம் நிலைச் சான்றிதழைப் பற்றியும், முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறையைப் பற்றியும் கேட்கலாம். செய்த வேலைகளின் புகைப்படங்கள், பழைய முதலாளியின் கடிதம் ஆகியவற்றைத் திரட்டி வைத்திருங்கள்.

மாநகரசபையின் திட்டமிடல் பிரிவுடன் தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, சபையுடன் இணைக்குமாறு கேட்கலாம். அழைக்கும்போது காணியின் முழு முகவரியையும், எத்தகைய வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்ற விபரங்களையும் கையில் வைத்திருங்கள்.